ஒரே ஒரு செல்… உள்ளே எத்தனை குடித்தனம், தெரியுமா?

ராஜபாளையம் அய்யனார் அருவியில் விழும் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, தெரியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் பெய்கிற மழை?

கண்மாய்க்கு, கிணற்றுக்கு, தென்னந்தோப்புக்கு என்பீர்கள். சரிதான்! ஆனால் அத்தனையும் நிரம்பி மறுகால் பாய்ந்த பிறகு? ஓடைகளாக இறங்கி வைப்பாற்றைப் பிடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வெள்ளம் அர்ச்சுனா நதி வழியாக வந்து, இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அருகே வைப்பாற்றில் கலக்கிறது. அப்புறம் விளாத்திகுளம், அப்புறம் சிப்பிக்குளம், அதோடு மன்னார் வளைகுடா! மலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டம்!

அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே தூத்துக்குடித் தீவுகள். வடகிழக்கே வேம்பார்த் தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை. அந்தப் பாறை இடுக்கிலும் மணலிலும் கடல்தாழை இலையிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிற ஓர் உயிரைப் பற்றித்தான் இந்தப் பக்கங்கள் முழுக்க! அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, மூளை இல்லை. மொத்த உடம்பும் ஒரே ஒரு செல்! ஆனால் அது செய்கிற காரியங்களைக் கேட்டால்…

பெயர் என்ன தெரியுமா?

ஃபோராமினிஃபெரா! ஆராய்ச்சிக்காரர்கள் செல்லமாக ஃபோராம் என்பார்கள். இதுவரை பெயர் சூட்டப்பட்ட வகைகள், அழிந்துபோனவற்றையும் சேர்த்து, சுமார் 50,000! 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பூமியில் இருக்கின்றன. டைனோசர் வந்ததையும் பார்த்தவை, போனதையும் பார்த்தவை!

ஒரு செல்தான். ஆனால் சும்மா இல்லை, தனக்கென்று சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்கிறது! முதலில் ஓர் அறை. வளர வளர அடுத்த அறை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுருள் சுருளாக, வட்டம் வட்டமாக அறைகள் பெருகிக்கொண்டே போகும். ஓட்டில் உள்ள துளைகள் வழியே மயிரிழையை விட மெல்லிய கால்களை வெளியே நீட்டி நகரும், இரை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். அத்தனைக்கும் செல் ஒன்றே ஒன்றுதான்!

எவ்வளவு பெரியது?

செல் என்றால் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும் என்று பள்ளியில் படித்தோம் இல்லையா? இங்கே அந்தப் பாடம் தடுமாறுகிறது! பவளப்பாறைகளில் வாழும் ஆம்ஃபிஸ்டெஜினா ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். வெறுங்கண்ணிலேயே தெரியும்! ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் இருக்கும் மார்ஜினோபோரா 2 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும்! ஆழ்கடலில் ஜீனோஃபையோஃபோர் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவற்றில் சில 20 சென்டிமீட்டர் வரை! ஒரே செல், 20 சென்டிமீட்டர்! நம்ப முடிகிறதா?

உள்ளே யார் யார் இருக்கிறார்கள், தெரியுமா?

இங்கேதான் கதையே ஆரம்பம்! பாறையில் வாழும் பெரிய ஃபோராம்கள் தனியாக வாழ்வதில்லை. செல்லுக்குள்ளேயே பாசியை வைத்து வளர்க்கின்றன! பாசி வெயிலைப் பிடித்துச் சர்க்கரை சமைக்கிறது. ஃபோராம் அதை வாங்கிக்கொண்டு இடமும் பாதுகாப்பும் கொடுக்கிறது. ஓடு கட்டும் வேலையும் அந்தப் பாசியால் வேகம் பிடிக்கிறது.

ஒரே பாசியா? இல்லை! ஆளுக்கொரு ரசனை! ஆம்ஃபிஸ்டெஜினாவும் கால்கரினாவும் டயாட்டம் வைத்துக்கொள்கின்றன. சோரைட்டஸும் மார்ஜினோபோராவும் டைனோஃபிளாஜெல்லேட். அதாவது, பவளத்துக்கு நிறம் கொடுக்கும் பாசியின் நெருங்கிய உறவு! பெனரோப்ளிஸ் என்ற வகைக்குச் சிவப்புப் பாசிதான் வேண்டும். கரீபியன் கடலின் ஆர்க்காயாஸுக்குப் பச்சைப் பாசி! உலகத்தில் வேறெந்த உயிர்க் கூட்டமாவது இத்தனை வகைப் பாசியோடு உறவு வைத்திருக்கிறதா என்று தேடினால், இவற்றுக்குப் போட்டியே அரிது!

சட்டையைக் கழற்றும் டயாட்டம்!

டயாட்டம் என்ற பாசிக்கு மேலே சிலிக்காவில் ஓர் ஓடு உண்டு. கண்ணாடி செய்யும் அதே சிலிக்கா! அழகழகான கோடுகளும் புள்ளிகளும் போட்ட ஓடு. அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் இது இன்ன வகை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள்.

ஆனால் ஃபோராமுக்குள் குடிபுகுந்ததும் அந்த டயாட்டம் என்ன செய்கிறது தெரியுமா? ஓட்டையே விட்டுவிடுகிறது! வெறும் உடம்போடு உள்ளே வாழ்கிறது! அதனால் யார் எவர் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நியூயார்க் நகரக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் ஜே. லீ ஒரு வழி கண்டார். ஃபோராமைத் திறந்து பாசியை வெளியே எடுத்து, தனியாக வளர்த்தார். என்ன ஆச்சரியம்! வெளியே வந்த டயாட்டம் மறுபடியும் ஓட்டைப் போட்டுக்கொண்டது! அப்போதுதான் பெயர் தெரிந்தது!

இன்னொரு விந்தை. இதே ஃபோராம் டயாட்டங்களைத் தின்னவும் செய்யும்! எதைத் தின்பது, எதைக் குடிவைப்பது? கண்ணில்லாத செல் எப்படிப் பிரித்தறிகிறது? பாசியின் மேற்பரப்பில் இருக்கும் சில புரதங்கள்தான் அடையாளச் சீட்டு என்று லீயின் குழு காட்டியது. சீட்டு இருந்தால் குடித்தனம். இல்லாவிட்டால் சாப்பாடு!

ஓட்டில் ஜன்னல்!

பாசிக்கு வெயில் வேண்டுமே, கெட்டி ஓட்டுக்குள் எப்படி? ஆம்ஃபிஸ்டெஜினாவின் ஓடு ஒளி ஊடுருவும் ஓடு! அதில் நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு துளைக்கும் நேர் கீழே டயாட்டங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன! வெளிச்சம் மிதமாக இருந்தால் ஃபோராம் அதை நோக்கி நகரும். கடும் வெயில் என்றால் நிழலுக்குள் ஒதுங்கும். குடியிருப்பவர்களுக்காக வீடே நகர்ந்து போகிறது!

சரி, பாசி மட்டும்தானா?

இல்லவே இல்லை! இனிமேல்தான் உண்மையான அதிசயம்!

ஃபோராமுக்குள்ளும் அதன் மேலும் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. முன்பெல்லாம் இவற்றை எண்ணவே முடியாது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தால் பெரும்பாலானவை வளராது. மரபணுவை நேரடியாகப் படிக்கும் கருவிகள் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

2017-ல் வந்த ஓர் ஆய்வு. ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டின் வடபகுதி. மார்ட்டினா பிரசெரஸும் அவருடைய குழுவினரும் மூன்று இடங்களில் ஆம்ஃபிஸ்டெஜினா லோபிஃபெரா என்ற ஒரே வகையைச் சேகரித்தார்கள். ஒன்று கரைக்கு அருகே, ஒன்று நடுவே, ஒன்று வெளிக்கடல் ஓரம். மரபணுவைப் படித்தார்கள்.

கரையருகே வாழ்ந்தவற்றில் நிலையாகக் காணப்பட்ட பாக்டீரிய மரபு வகைகள் எத்தனை தெரியுமா? 231! மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் ஒரு செல்லுக்கு 231 வகைத் துணை! மூன்று இடங்களுக்கும் பொதுவாக எத்தனை? வெறும் 30!

இதில் என்ன புதுமை என்கிறீர்களா? பாசி மூன்று இடத்திலும் அதே டயாட்டம் கூட்டம்தான். அது மாறவே இல்லை! ஆனால் பாக்டீரியாக்கள் இடத்துக்கு இடம் மாறிவிட்டன! கரையருகே ஆக்டினோபாக்டீரியா கூட்டம். நடுவிலும் வெளியோரத்திலும் பாக்டீராய்டீட்ஸ், ஃபிர்மிக்யூட்ஸ். எல்லா இடத்திலும் அதிகமாக இருந்தது புரோட்டியோபாக்டீரியா.

நம்மூர் வளவு வீடுகள் நினைவிருக்கிறதா? முன்கட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம். பின்கட்டு அறைகளில் வேலைக்கு ஏற்றபடி குடித்தனக்காரர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இந்தச் செல்லும் அப்படித்தான்! டயாட்டம் நிரந்தரம். பாக்டீரியா ஊருக்கு ஊர் வேறு!

ஏன் கரையருகே மட்டும் இத்தனை கூட்டம்? அங்கேதான் ஆற்றுத் தண்ணீர் வரும், சேறு வரும், உப்பு ஏறும் இறங்கும், சூடு மாறும். இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பிழைக்க இந்த நெகிழ்வான பாக்டீரியக் கூட்டம் கைகொடுக்கிறது என்பது அந்தக் குழுவின் கருத்து. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்! ஓர் உயிர் தன்னை மாற்றிக்கொள்ளாமல், தன்னோடு இருப்பவர்களை மாற்றிக்கொண்டு பிழைக்கிறது! ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்துத் தீவுகளை வைத்திருக்கும் நமக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி!

காற்று இல்லாமல் மூச்சு!

2006-ல் இன்னொரு வெடிகுண்டு! ஆக்சிஜனே இல்லாத கடற்சேற்றில் வாழும் குளோபோபுலிமினா என்ற ஃபோராம், நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கிறது என்று ‘நேச்சர்’ இதழில் செய்தி வந்தது. நைட்ரேட்! நாம் வயலுக்கு உரமாகப் போடுகிறோமே, அதே பொருள்! அதுவரை இது பெரும்பாலும் பாக்டீரியாக்களின் வேலை என்றுதான் உலகம் நினைத்திருந்தது. இந்த வகை பாறையில் வாழ்வதில்லை, பாசி வளர்ப்பதும் இல்லை. ஆனாலும் ஒரே குலம்!

அம்மா விட்டுச்செல்லும் சொத்து

ஆம்ஃபிஸ்டெஜினா பிள்ளை பெறுவது எப்படி தெரியுமா? ஆண் பெண் சேராமலேயே பெருகும் வழி ஒன்று உண்டு. தாய்ச் செல் தன் உடம்பு முழுவதையும் நூற்றுக்கணக்கான குட்டிச் செல்களாகப் பிரித்துவிடுகிறது! மிச்சம் எதுவும் இல்லை. வெறும் ஓடு மட்டும் கிடக்கும். பிரியும்போது ஒவ்வொரு குட்டிக்கும் பாசியில் ஒரு பங்கு! பிறக்கும்போதே கையில் சமையல்காரரோடு பிறக்கின்றன!

20 மாத இருட்டு!

வெயிலை நம்பி வாழ்கிற உயிரை இருட்டில் பூட்டினால் என்ன ஆகும்? செத்துப்போகும் என்போம். அமெரிக்காவில் ஆம்ஃபிஸ்டெஜினா கிப்போசா என்ற வகையை ஒரு துளி வெளிச்சம் இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் இல்லை. ஒரு மாதம் இல்லை. 20 மாதம்! பிறகு வெளிச்சத்தைக் காட்டினார்கள். எழுந்துவிட்டது! உள்ளே இருந்த டயாட்டங்களும் மீண்டன! 2019-ல் பெஞ்சமின் ராஸும் பமிலா ஹாலக்கும் வெளியிட்ட ஆய்வு இது. கடலில் புயல் அடித்து மணலுக்குள் புதைந்துபோனாலும் காத்திருந்து மீள முடியும் என்று அர்த்தம்!

நம் கடலில் எப்போது கண்டுபிடித்தார்கள்?

நூறு வருஷத்துக்கும் முன்பே! 1902-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஹெர்ட்மன் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஆராய வந்தார். முத்து ஏன் சில வருஷம் விளைகிறது, சில வருஷம் விளைவதில்லை என்று கண்டறிவதுதான் நோக்கம். அறிக்கை ஐந்து பாகமாக வந்தது. அதில் ஃபோராமினிஃபெராவுக்கும் ஓர் இடம்! டேக்கின் என்பவர் 1906-ல் எழுதினார். முத்து தேடி வலை வீசியவர்களுக்குக் கிடைத்ததோ இந்தச் சுண்ணாம்புப் பொடிசுகள்!

அடுத்தது இன்னும் இனிப்பு! 1943-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் ஒரு நூல் வெளியிட்டது. பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் ஃபோராமினிஃபெராவைப் பற்றி மட்டுமே ஒரு நூல்! எழுதியவர் சி.பி. ஞானமுத்து. உலகப் போர் உச்சத்தில் இருந்த வருஷத்தில், ஒரு தமிழர் குருசடை மணலைச் சலித்து, ஒவ்வோர் ஓடாகப் பார்த்து எழுதியிருக்கிறார்! இந்தப் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் ஏன் இல்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

மன்னார் வளைகுடாவின் கணக்கு தெரியுமா? பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள்! 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம், 10,500 சதுர கிலோமீட்டர்! பதிவான பவள வகைகள் 117! ஆம்ஃபிஸ்டெஜினா, கால்கரினா, பெனரோப்ளிஸ் என்று பாசி வளர்க்கும் ஃபோராம்களும் இந்தக் கடலில் உண்டு. மேலே மலையில் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். கீழே கடலில் இது. நடுவே வைப்பாறு!

வைப்பாற்றங்கரைக்கும் கடலுக்கும் உறவு புதுசா என்ன? வெம்பக்கோட்டை அகழாய்வில் சங்கு வளையல்கள் எத்தனை எத்தனை கிடைத்தன! கடலிலிருந்து சங்கு மேலே ஏறி வந்த ஊர் அது!

மணலா? ஓடா?

பவளப்பாறைக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளுகிறீர்கள். அது மணல் என்றுதானே நினைப்பீர்கள்? சில தீவுகளில் அதில் பாதிக்கும் மேல் செத்துப்போன ஃபோராம்களின் ஓடு!

ஜப்பானின் தக்கெதோமி தீவுக்குப் போனால் கரையில் கிடப்பதெல்லாம் நட்சத்திரம்! ஐந்து முனை, ஆறு முனை கொண்ட குட்டி நட்சத்திரங்கள். பாக்குலோஜிப்சினா என்ற ஃபோராமின் ஓடுகள் அவை! விண்மீன்களின் பிள்ளைகளைக் கடல்பாம்பு கொன்றுவிட, அவற்றின் எலும்புதான் கரை ஒதுங்கியது என்று அந்த ஊர்ப் பாட்டிகள் கதை சொல்வார்கள்.

ஆஸ்திரேலியாவின் ரெயின் தீவு தெரியுமா? பச்சை ஆமைகள் உலகிலேயே அதிகமாக முட்டையிட வரும் இடம். அந்த ஆமைகள் தோண்டும் மணலில் பெரும் பங்கு ஃபோராம் ஓடு! ஒரு செல் உயிர் செத்துக் குவித்த மணலில் ஆமைக் குஞ்சு பொரிகிறது!

பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு நாடு. நாடே பவளத்தீவுதான். கடல் மட்டம் ஏறினால் முழுகிவிடும் என்ற பயம். அங்கே போன ஜப்பானிய விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபோராமை வளர்க்க முயன்றார்கள்! தீவின் மணலே அதன் ஓடு என்பதால், அதைப் பெருக்கினால் மணல் பெருகும், கரை பிழைக்கும் என்ற கணக்கு! ஒரு நாட்டைக் காப்பாற்ற ஒரு செல் உயிரை நம்பினார்கள்!

உலகப் பவளப்பாறைகளில் மட்டும் ஃபோராம்கள் ஆண்டுக்குக் கட்டும் சுண்ணாம்பு எவ்வளவு? குறைந்தது 4 கோடியே 30 லட்சம் டன்! ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டின் லாங்கர் 1997-ல் போட்ட கணக்கு இது. லாரி லாரியாக யாரும் கொட்டவில்லை. மில்லிமீட்டர் உயிர்கள் கட்டியது!

நம் பக்கம் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 2014-ல் எவ்வளவு தெரியுமா? சுமார் 2! பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன! காரணம்? பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறையை வெட்டிக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கொண்டுபோனோம். பாறை போனால் அலையைத் தடுக்க ஆளில்லை. பாறையோடு சேர்ந்து, மணல் செய்கிற ஃபோராமுக்கும் வீடு போயிற்று! இப்போது வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை ஆயிரக்கணக்கில் இறக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கரை கரைவது மட்டுப்பட்டிருக்கிறது. எவ்வளவு ஆறுதல்!

பிரமிடுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! எகிப்தின் கிசா பிரமிடுகளின் கற்களை உற்றுப் பாருங்கள். வட்ட வட்டமாக ஏதோ பதிந்திருக்கும். அவை நம்முலைட்டஸ் என்ற ஃபோராமின் ஓடுகள்! நாலு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே போன கிரேக்கர் ஸ்ட்ராபோவிடம், பிரமிடு கட்டிய கூலியாட்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த பருப்புதான் கல்லாகிவிட்டது என்று உள்ளூர்க்காரர்கள் கதை சொன்னார்களாம்!  ஆனால் உண்மை அந்தக் கதையை விட விசித்திரம்! உலக அதிசயம் ஒன்றின் கற்களுக்குள் ஒரு செல் உயிர்களின் ஓடுகள்!

இதே நம்முலைட்டஸ் குஜராத்தின் கட்ச்சிலும் மேகாலயாவிலும் பாறை பாறையாகக் கிடக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். ராஜபாளையத்துக்காரர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-ல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் எல்லோருக்கும் தெரியும். சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். விருதுநகர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் படு பழசு, பூமிச் சூட்டில் வெந்து உருமாறியது. அதில் ஓடு தேட முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் ஆலைகள் இருக்கும் அரியலூர்? அது டைனோசர் காலத்துக் கடல்தரை! நத்தை, சிப்பி, கடல்முள்ளெலி என்று தொல்லுயிர் கொட்டிக் கிடக்கிற மண்ணில் ஃபோராம் ஓடுகளும் உண்டு! நீங்கள் கட்டிய வீட்டின் சுவரில் சுமார் ஏழு கோடி வயதான செல்லின் சுண்ணாம்பு இருக்கலாம். யோசித்ததுண்டா?

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளை போடுகிறவர்களும் இதைத்தான் பார்ப்பார்கள்! மேலே வரும் பொடியில் எந்த ஃபோராம் இருக்கிறது என்று பார்த்தால் பாறைக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம்!

நத்தை என்று நினைத்தார்கள்!

1665-ல் ராபர்ட் ஹூக் தன் மைக்ராஸ்கோப்பில் மணலைப் பார்த்து ஒரு சின்ன ஓட்டை வரைந்தார். ஃபோராம்தான்! ஆனால் அது என்ன உயிர் என்று அடுத்த 170 வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. 1826-ல் இந்தக் குலத்துக்குப் பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் டோர்பினியே இவை குட்டிக் கணவாய் இனம் என்றுதான் நினைத்தார்! 1835-ல் துஜார்டின்தான் உயிரோடு வைத்துப் பார்த்து, இது மிக எளிய உயிர், கணவாய் இல்லவே இல்லை என்று போட்டு உடைத்தார்.

பிறகு வந்தது சேலஞ்சர் கப்பல். 1872 முதல் 1876 வரை உலகக் கடல் முழுக்கச் சுற்றியது. அதில் கிடைத்த ஃபோராம்களை எச்.பி. பிரேடி 1884-ல் படம் போட்டு வெளியிட்டார். எத்தனை படப் பக்கங்கள் தெரியுமா? 115! இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் புரட்டுகிறார்கள்!

படம் மட்டுமா? சீனாவின் சோங்ஷானில் ஃபோராம்களுக்கென்றே ஒரு சிற்பப் பூங்கா! ஆள் உயரக் கல் ஃபோராம்கள், 114!

மீன் வயிற்றில் பயணம்!

சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது. செங்கடல் உயிர்கள் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. பாசி வளர்க்கும் ஃபோராம்களும் போய்விட்டன! நீந்தத் தெரியாத செல் எப்படிப் போயிற்று? 2017-ல் வந்த ஓர் ஆய்வு முயல்மீனைக் கைகாட்டியது. நம்மூர் மீன்காரர்கள் ஓரா என்பார்களே, அந்தக் குடும்பம்! பாசி மேயும்போது ஃபோராமையும் சேர்த்து விழுங்குகிறது. பல கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கழிக்கிறது. அந்தக் கழிவுக்குள் ஃபோராம் உயிரோடு இருந்தது! செரிமானத்தையே தாண்டி வந்துவிட்டது!

இஸ்ரேலின் ஹதேரா மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் இடத்தில் பராரோட்டாலியா என்ற வகை செழிப்பாக வாழ்கிறது. 36 டிகிரி வரை தாங்குகிறது!

எல்லா வகையும் அப்படி இல்லை. பெரும்பாலான பாறை ஃபோராம்களுக்கு 32 டிகிரி தாண்டினாலே சிக்கல். பவளம் வெளுப்பது போலவே இவையும் பாசியை இழந்து வெளுக்கின்றன! 1991 கோடையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் பமிலா ஹாலக் இதைப் பார்த்தார். அங்கே சூட்டை விடக் கடும் ஒளிதான் பெரிய காரணம் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின.

பப்புவா நியூ கினியில் கடலடியிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாக வரும் இடங்கள் உண்டு. அங்கே தண்ணீர் தானாகவே அமிலத்தன்மை பெறுகிறது. கடல் நாளைக்கு எப்படி ஆகும் என்று இன்றே காட்டும் இடம்! 2013-ல் ஸ்வென் உத்திக்கே குழு என்ன கண்டது தெரியுமா? பி.எச். அளவு 7.9-க்குக் கீழே இறங்கிய இடத்தில் சுண்ணாம்பு ஓடு கட்டும் ஃபோராம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை! சாதாரணக் கடலின் அளவு 8.1 அளவில்தான். இடைவெளி அவ்வளவு குறுகல்!

கடலுக்கு மார்க் போடும் செல்!

ஹாலக்கும் சகாக்களும் 2003-ல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். பாறையடி மணலை ஒரு கை எடுங்கள். ஃபோராம் ஓடுகளைப் பொறுக்குங்கள். பாசி வளர்க்கும் வகை எவ்வளவு, அழுக்கைத் தாங்கும் வகை எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரியுங்கள். 1 முதல் 10 வரை ஓர் எண் வரும். 4-க்கு மேல் என்றால் பவளம் வளரத் தகுந்த நல்ல தண்ணீர்! 2-க்குக் கீழே என்றால் அந்த இடத்தில் பவளம் தழைக்காது! விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சல்லடை, மைக்ராஸ்கோப், பொறுமை, இவ்வளவுதான்! பழைய மணல் அடுக்கைத் தோண்டினால் அந்தக் காலத்து மார்க்கும் கிடைக்கும்!

எதனால் மார்க் குறையும்? தண்ணீரில் உரச்சத்து கூடினால்! செல்லுக்குள் பாசி வளர்ப்பது சத்துக் குறைந்த கடலுக்கான வித்தை. சத்து மிகுந்த கலங்கல் தண்ணீரில், வேகமாகப் பெருகும் சின்ன ஃபோராம்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வயலில் மிஞ்சுகிற உரம், ஊருக்குள் மிஞ்சுகிற சாக்கடை, இவை ஓடையில் இறங்கினால் எந்தத் திசையில் போகும் என்று முதலிலேயே பார்த்தோம் இல்லையா? கடல் கண்ணுக்குத் தெரியாத ஊர்தான் நம்முடையது. ஆனால் கடலுக்கு நம் ஊர் தெரியும்!

நேரில் பார்க்க ஆசையா?

பார்க்கலாம்! மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை எடுத்துப் போங்கள். தீவுகள் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கவும் கூடாது, மணலை எடுக்கவும் கூடாது. அது தேவையும் இல்லை. கரையோரம் அலை ஒதுக்கிப்போட்ட கடல்தாழை இலையைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாக, வட்டமாக, பொட்டுப் பொட்டாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? சுருள் சுருளாக அறைகள் தெரிகின்றனவா? மணலையும் உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். பால் வெள்ளை என்றால் குடித்தனம் காலியான ஓடு. பழுப்பாகவோ ஆலிவ் பச்சையாகவோ நிறம் தெரிந்தால் உள்ளே பாசி இன்னும் வேலை பார்க்கிறது! அப்படியே தண்ணீரில் விட்டுவிடுங்கள், அது உயிரோடு இருக்கலாம்!